கிறிஸ்தவ ஃபேன்டஸிக் கதைகள்: கொங்குப் பக்கத்து வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, தாராபுரம் பக்கத்துச் சபைகளிலும் பங்குகளிலும் சிறுவர் வகுப்பு, இளைஞர் கூட்டம், வாசகர் வட்டம் நடத்துகிறவர்களிடம் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. கேட்கிறவர்கள் பேசுகிற மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறோம்.

ஏனுங்க, கிறிஸ்தவ ஃபேன்டஸின்னா என்னங்க? ஏசுநாதர் வர்ற கதைங்களா?

பெரும்பாலும் அந்தப் பெயரே வராது. இல்லாத ஓர் உலகம், அதற்கென்று ஒரு சட்டம், பேசுகிற விலங்கோ மரமோ, நன்மைக்கும் தீமைக்கும் பெரிய மோதல் என்று கதை போகும். அதற்குள் படைப்பு, வீழ்ச்சி, மீட்பு, உயிர்த்தெழுதல் என்ற நம்பிக்கை ஓடிக்கொண்டிருக்கும்.

இதில் மூன்று வகை உண்டு. ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ‘மோட்சப் பிரயாணம்’ உருவகக் கதை. முதுகுச் சுமை என்றால் பாவம், சேறு என்றால் மனச்சோர்வு என்று ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டு. பிரிட்டிஷ் எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ் 1950 முதல் 1956 வரை வெளியிட்ட ஏழு நார்னியா நூல்கள் வேறு மாதிரி. “விலங்குகள் பேசுகிற ஓர் உலகம் இருந்து, அங்கேயும் தேவகுமாரன் போக நேர்ந்தால் என்ன நடக்கும்?” என்ற ஒரே கேள்வியிலிருந்து அவை பிறக்கின்றன. டோல்கியனின் ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ (1954–55) மூன்றாவது வகை. அதில் எந்தப் பாத்திரமும் கிறிஸ்துவுக்கு நேர் உருவம் கிடையாது. நம்பிக்கை கதையின் போக்கிலேயே கரைந்திருக்கிறது.

பைபிளே கையில இருக்குதுங்க. அப்புறம் இதை எதுக்குப் படிக்கோணும்?

பைபிளுக்குப் பதிலாக யாரும் இதைப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கதைகள் ஏன் இத்தனை பேரை இழுக்கின்றன என்பதற்கான விடை இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

ஞாயிறு பள்ளியில் வளர்ந்த பிள்ளை “நமக்காக மரித்தார்” என்ற வார்த்தையை ஐந்து வயதிலிருந்து கேட்கிறது. பதினைந்து வயதில் அது காதில் விழும், மனதில் விழாது. லூயிஸ் 1956-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்குக் காரணம் சொல்கிறார்: தேவனைப் பற்றி, சிலுவைப் பாடுகளைப் பற்றி இப்படித்தான் உணர வேண்டும் என்று கட்டளை போட்டதாலேயே உணர்வு உறைந்துபோகிறது. வேறு உலகத்தில், வேறு பெயரில் அதே காரியம் நடந்தால் அந்தக் கட்டளை அங்கே இல்லை.

முதல் நார்னியா நூலை எடுத்துக்கொள்ளுங்கள். எட்மண்ட் என்ற பையன் ஒரு தின்பண்டத்துக்கு ஆசைப்பட்டு, கூடப்பிறந்தவர்களைச் சூனியக்காரியிடம் காட்டிக்கொடுக்கிறான். துரோகம் செய்தவன் அவளுக்குச் சொந்தம் என்பது அந்த உலகத்தின் சட்டம். அவனுக்குப் பதிலாக அஸ்லான் என்ற சிங்கம் தானே போகிறது. பிடரிமயிரைச் சிரைக்கிறார்கள், வாயைக் கட்டுகிறார்கள், ஏளனம் செய்கிறார்கள், கல்மேசையில் வைத்துக் கொல்கிறார்கள். விடியும்முன் சுண்டெலிகள் வந்து சிங்கத்தின் கட்டுகளைக் கடித்து அறுக்கின்றன. சூரியன் ஏறும்போது கல்மேசை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது.

இதைக் கேட்கிற பிள்ளை முதலில் சிங்கத்துக்காக அழுகிறது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் “இது எனக்குத் தெரிஞ்ச கதையாச்சே” என்று பொறி தட்டுகிறது. அழுகை முன்னால், அடையாளம் பின்னால். இந்த வரிசை மாறினால் கதை வேலை செய்யாது. 2 சாமுவேல் 12-இல் நாத்தான் தாவீதிடம் செய்ததும் இதே. ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டிக்காக ராஜா முதலில் கொதித்தெழுகிறான். அதன் பிறகுதான் “நீயே அந்த மனுஷன்” வருகிறது.

இரண்டாவது ஈர்ப்பு, முடிவில் வருகிற எதிர்பாராத திருப்பம். டோல்கியன் 1939-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் இதைப் பற்றித்தான் பேசினார். எல்லாம் போச்சு என்ற இடத்தில் திடீரென்று அருளாக ஒரு மீட்பு வரும். யாருடைய திறமையாலும் அது வராது. உயிர்த்தெழுதலை மனித வரலாற்றுக்குள் நடந்த அப்படியொரு திருப்பம் என்கிறார் அவர். துக்கத்தை மறைக்காமல் காட்டிவிட்டு, அதற்கு அப்பால் சந்தோஷம் உண்டு என்று நம்பவைக்கிற கதைக்கு எந்த ஊரிலும் பசி இருக்கிறது.

மந்திரம், சூனியக்காரி எல்லாம் வருதுங்களே. வேதத்துக்கு விரோதம் இல்லீங்களா?

இது அற்பமான பயம் இல்லை. தாயத்து, மந்திரிப்பது, குறி கேட்பது எல்லாம் நம் பக்கத்தில் கதைப் பொருள் கிடையாது; தெருவில் நடக்கிறது. உபாகமம் 18:10–12 தடுப்பதும் அதைத்தான். அதனால் ஒரு நூலைப் பிள்ளை கையில் கொடுக்குமுன் இதைப் பாருங்கள்: மந்திரம் யார் கையில் இருக்கிறது, எதற்காக? அதன் செய்முறை, வீட்டில் செய்து பார்க்கிற மாதிரி சொல்லப்பட்டிருக்கிறதா? அதைக் கையாண்டவருக்கு என்ன ஆகிறது?

நார்னியாவில் அதிகாரத்துக்காக மந்திரத்தைத் தேடுகிறவர்கள் எல்லாம் கெட்டுப்போகிறார்கள். 1955-இல் வந்த ‘த மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’ நூலில் ஆண்ட்ரூ மாமா தன் மந்திர மோதிரங்களைச் சோதிக்கப் பிள்ளைகளையே அனுப்புகிற கோழை. 1952-இல் வந்த ‘த வாயேஜ் ஆஃப் த டான் ட்ரெடர்’ நூலில் நல்ல பிள்ளையான லூசியே ஒரு மந்திரத்தைப் படித்துத் தோழிகள் தன்னைப் பற்றிப் பேசுவதை ஒட்டுக்கேட்கிறாள்; அஸ்லான் கண்டிக்கிறது, முறிந்த நட்பு முறிந்ததுதான். செய்முறை எங்கேயும் இல்லை. செய்முறை விலாவாரியாக வருகிற நூலை, அட்டையில் என்ன போட்டிருந்தாலும், ஒதுக்கிவிடலாம்.

கற்பனை வேண்டாம் என்பவர்களுக்கு நியாயாதிபதிகள் 9-ஐக் காட்டுங்கள். மரங்கள் கூடித் தங்களுக்கு ராஜாவைத் தேடுகிற கதையை யோதாம் மலையுச்சியிலிருந்து சொல்கிறான். எண்ணாகமம் 22-இல் கழுதை பேசுகிறது. வெளிப்படுத்தின விசேஷம் 12-இல் ஏழுதலை வலுசர்ப்பம் வருகிறது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு குடும்பத்துக்கு மனம் ஒப்பவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். ரோமர் 14 இதற்கும் பொருந்தும். அவர்களுக்கு ஜான் பனியனின் ‘மோட்சப் பிரயாணம்’ நூலைக் கொடுங்கள்.

எதுல ஆரம்பிக்கிறதுங்க? கடையில நம்பர் போட்டு வேற வரிசையில இருக்குது.

இப்போதைய பதிப்புகளில் நார்னியா நூல்களுக்குக் கதைக்குள் நடக்கிற கால வரிசைப்படி எண் போட்டிருக்கிறார்கள். அதனால் 1955-இல் வந்த நூல் ஒன்றாம் எண்ணுடன் இருக்கிறது. அதில் தொடங்காதீர்கள். வெளிவந்த வரிசையில் படியுங்கள்: 1950-இன் ‘த லயன், த விட்ச் அண்ட் த வார்ட்ரோப்’ முதலில்.

பனிக்காட்டுக்கு நடுவில் ஒரு தெருவிளக்கு ஏன் எரிகிறது என்று தெரியாமல் நிற்பதில்தான் முதல் நூலின் சுகம். ஐந்து வருடம் கழித்து வந்த நூல் அதற்கு விடை சொல்கிறது. விடையை முதலில் படித்துவிட்டால் வியப்பு போய்விடும். மேலும், அஸ்லான் யார் என்று அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது என்று முதல் நூலிலேயே கதைசொல்லி சொல்கிறார். வேறு நூலை முன்னால் படித்தவருக்கு அந்த வரி பொருந்தாது.

டோல்கியனுக்கு ‘த ஹாபிட்’ (1937) வாசல். அது 19 அத்தியாயம். ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ 62 அத்தியாயம். வாரம் ஒன்று என்றால் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். முதல் பாகத்தில் எல்ரண்டின் ஆலோசனைக் கூட்டம் வருகிற அத்தியாயத்தில் பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். பெயர்கள் கொட்டும், நடப்பது குறைவு. அதை இரண்டு அமர்வாகப் பிரியுங்கள்; யார் எந்த இனம் என்று ஒரு தாளில் எழுதி முன்னால் வையுங்கள்.

எத்தனை வயசுப் பிள்ளைங்களுக்குச் சொல்லலாம்? எப்படி நடத்துறது?

யாராவது வாசித்துக்காட்டினால் ஏழெட்டு வயது போதும். தானே படிக்கப் பத்து வயது. ஏழாவது நார்னியா நூலில் ஓர் உலகமே முடிந்துபோகிறது. பன்னிரண்டு வயதுவரை பொறுக்கலாம். டோல்கியனின் பெரிய நூலுக்குப் பதினான்கு.

முதல் நார்னியா நூல் 17 அத்தியாயம். ஒவ்வொன்றும் சராசரியாக 2,000 ஆங்கிலச் சொல்லுக்குச் சற்று மேலே. தமிழில் சொல்ல இருபது நிமிடம் ஆகும். ஆராதனை முடிந்து சிறுவர் வகுப்பில் வாரம் ஓர் அத்தியாயம் வைத்துக்கொள்ளலாம். சிங்கம் சாவது 14-ஆவது அத்தியாயம், எழுவது 15-ஆவது. ஈஸ்டருக்குச் சரியாக 14 வாரம் முன்பு தொடங்கினால், குருத்தோலை ஞாயிறு அன்று 14-உம் ஈஸ்டர் அன்று 15-உம் வரும். ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையே விழுவதால், தொடக்கம் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவுக்குள் அமையும். கிறிஸ்துமஸ் வாரம், பொங்கல் வாரம் கூட்டம் நின்றால் கணக்குப் பிசகும். ஒரு வாரம் விட்டால் அடுத்த வாரம் இரண்டு அத்தியாயம் சொல்லிச் சரிசெய்துவிடுங்கள்.

14-ஆவது முடிந்ததும் பிள்ளைகள் “சிங்கம் செத்தே போச்சாங்க?” என்பார்கள். “அடுத்த வாரம் பாக்கலாம் கண்ணு” என்பதோடு நிறுத்துங்கள். ஆறுதலாக முடிவைச் சொல்லிவிட்டால் சீடர்கள் இருந்த அந்தச் சனிக்கிழமை அவர்களுக்குக் கிடைக்காது.

கதை நடுவுல “இந்தச் சிங்கம்தான் ஏசப்பா”ன்னு விளக்கம் சொல்லலாமுங்களா?

கூடாது. இந்த ஒரு தவற்றால்தான் பெரும்பாலான கூட்டங்களில் கதை செத்துப்போகிறது. விளக்கம் வந்த நிமிடம் பிள்ளை கதையைக் கேட்பதை விட்டுவிட்டுச் சரியான பதிலைத் தேட ஆரம்பித்துவிடும். அப்புறம் ஓணானைக் காட்டினால்கூட ஏசப்பா என்றுதான் சொல்லும்.

கதை முடிந்ததும் கேட்க இரண்டு கேள்வி போதும்: “எந்த இடம் பிடிச்சுது? எந்த இடத்துல கஷ்டமா இருந்துச்சு?” ஒப்பீடு பிள்ளையிடமிருந்தே வரட்டும். வந்த பிறகு வேதத்தைத் திறங்கள். 1952-இல் வந்த நூலின் கடைசியில், கடற்கரையில் ஓர் ஆட்டுக்குட்டி மீன் சுட்டு வைத்துப் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுகிறது. யோவான் 21-ஐ அதன் பிறகு வாசித்தால், கரிநெருப்பின்மேல் மீன் இருந்தது என்ற வரியைப் பிள்ளைகள் தாங்களே பிடித்துக்கொள்வார்கள்.

‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையில கோயிலும் இல்ல, ஜெபமும் இல்ல. அது எப்படிங்க கிறிஸ்தவக் கதை?

டோல்கியன் கத்தோலிக்கர். இது அடிப்படையில் ஒரு கத்தோலிக்கப் படைப்பு என்று 1953-இல் ஒரு குருவானவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மதச் சடங்குகளை வேண்டுமென்றே எடுத்துவிட்டதாகவும் அதிலேயே சொல்கிறார். உருவகக் கதை என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

எங்கே தேட வேண்டும் என்றால், கதையின் முடிச்சில். தீய மோதிரம் ஒன்றை அழிப்பதற்காக இத்தனை பாடுபட்டு எரிமலை வாய்வரை கொண்டுபோன ஃப்ரோடோ கடைசி நொடியில் தோற்கிறான். மோதிரம் எனக்குத்தான் என்கிறான். காரியத்தை முடிப்பது கோல்லம் என்ற பரிதாபமான ஜீவன். ஃப்ரோடோவின் விரலோடு மோதிரத்தைக் கடித்துப் பிடுங்கி, தடுமாறி நெருப்பில் விழுகிறது. அந்தக் கோல்லம் அதுவரை உயிரோடு இருந்ததற்குக் காரணம், வழியில் பலமுறை அதைக் கொல்ல வாய்ப்பிருந்தும் இரங்கி விட்டுவிட்டார்கள் என்பதே. மனித பலம் தோற்ற இடத்தில், என்றோ காட்டிய இரக்கம் உலகத்தைக் காப்பாற்றுகிறது.

மோதிரம் அழிகிற அந்த நாள் மார்ச் 25. கத்தோலிக்க நாட்காட்டியில் மரியாளுக்குத் தூதர் மங்களவார்த்தை சொன்ன திருநாள். மோதிரத்தை அழிக்கப் புறப்படும் பயணக் கூட்டம் ரிவன்டெல் என்ற இடத்தை விட்டுக் கிளம்புவது டிசம்பர் 25. கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா திருவிழாவை நாள் தவறாமல் கொண்டாடி வளர்ந்த கத்தோலிக்க வாசகர்களுக்கு இந்தத் தேதிகளைச் சொன்னால், புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து எடுப்பார்கள்.

நம்ம தமிழ்ல இந்த மாதிரி இருக்குதுங்களா?

நிறைய, நாவல் வடிவத்தில் இல்லாமல் காப்பியமாக. வீரமாமுனிவரின் தேம்பாவணி (1726) 36 படலம், 3,615 பாடல். சூசையப்பரை ‘வளன்’ என்று அழைத்து, யூதேயாவை மழை, ஆறு, வயல் நிறைந்த தமிழ் நாடாகவே வர்ணிக்கிறது. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894) பனியனின் கதையைக் கம்பனின் நடையில் 3,700-க்கும் மேற்பட்ட பாடல்களாக்கியது. முழுதாகப் படிக்க முடியாவிட்டால் தேம்பாவணியின் நாட்டுப் படலத்தை மட்டும் உரையோடு படியுங்கள். அந்நிய மண்ணின் கதையை நம் மண்ணில் நடுவது எப்படி என்று அதைவிட நன்றாக யாரும் காட்டவில்லை.

சபைக்கு வராத ஒறம்பரை, சிநேகிதங்க எல்லாம் இதைப் படிப்பாங்களா?

தாராளமாக. சொல்லப்போனால் நம் பக்கத்தில் இந்த வகைக் கதைக்குக் காது ஏற்கெனவே பழகியிருக்கிறது. அண்ணன்மார் சாமி கதையை உடுக்கடித்துப் பல இரவுகள் பாடுகிற ஊர் இது. மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் 1965-இல் காங்கேயம் பக்கத்தில் அதை முழுதாக ஒலிப்பதிவு செய்தார். களத்தில் விழுந்து கிடக்கும் பொன்னரையும் சங்கரையும் தங்கை தங்காள் உயிர்ப்பிக்கிறாள். சற்று நேரம் பேசிவிட்டு அவர்கள் திரும்பவும் போய்விடுகிறார்கள். அந்த இடத்தில் கண்கலங்கிய அப்பாரும் ஆத்தாவும் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு, நார்னியாவின் கல்மேசையருகே இரவெல்லாம் அழுத இரண்டு சிறுமிகளைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அங்கே சிங்கம் திரும்பி வந்து, வந்தபடியே இருக்கிறது என்ற வித்தியாசத்தை அவர்களே கவனித்துப் பேசுவார்கள்.

புத்தகத்தை மதம் மாற்றுகிற கருவியாகக் கொடுக்காதீர்கள். கொடுக்கும்போதே அது தெரிந்துவிடும். நட்பும் போகும், கதையும் போகும். அதே நேரம், எழுதியவர் கிறிஸ்தவர் என்பதை மறைக்கவும் வேண்டாம்.

ஜாக்கிரதையாப் படிக்க வேண்டியது ஏதாச்சும்?

உண்டு. நார்னியாவின் எதிரி நாடான காலோர்மென் மக்கள் கறுத்த நிறம், தலைப்பாகை, வளைந்த வாள் என்று கிழக்கத்தியராக வரையப்பட்டிருக்கிறார்கள். அன்றைய பிரிட்டிஷ் எழுத்தாளர் ஒருவரின் காலத்துக் குறை அது. நம் பிள்ளைகள் அதைக் கவனிக்கத்தான் செய்வார்கள், மழுப்பாமல் பேசுங்கள். கடைசி நூலில் அதே நாட்டுப் போர்வீரன் ஒருவனை அஸ்லான் ஏற்றுக்கொள்கிற இடத்தையும் சேர்த்து எடுங்கள். அதில் இறையியல் விவாதம் கட்டாயம் எழும் என்பதால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஃப்ராங்க் பெரெட்டியின் ‘திஸ் ப்ரெசன்ட் டார்க்னஸ்’ (1986) நாவல் போன்றவை ஜெபக் குழுக்களில் விரும்பப்படுகின்றன. தூதர்களும் பிசாசுகளும் ஓர் அமெரிக்கச் சிற்றூருக்காக மோதுகிற கதை. ஜெபத்தின் மேல் ஆர்வத்தைக் கிளப்பும். ஆனால் அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டாரைப் பிசாசின் ஆள் என்று பார்க்கத் தொடங்கினால் விஷம். பெரியவர்களுக்கு மட்டும், அதுவும் பேசிப் படிக்க.

கொங்கு நாட்டுல நடக்கிற மாதிரி நானே ஒண்ணு எழுதோணும். எப்படிங்க?

முதல் கதை 2,500 சொல்லுக்குள் இருக்கட்டும். வாய்விட்டுப் படித்தால் அரைமணி நேரத்துக்குள் முடியும்.

வாசலை முதலில் தேடுங்கள். பிள்ளைகளை நார்னியாவுக்குள் அனுப்ப லூயிஸுக்கு ஒரு துணி அலமாரி போதுமாக இருந்தது. காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டை நினைத்துப் பாருங்கள்: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், ஆடு மாடு போகவர ஒரு கடவு. மாலையில் ஆட்டை எண்ணுகிறாள் ஒரு சிறுமி, ஒன்று குறைகிறது. வேலியில் நேற்று இல்லாத இன்னொரு கடவு இருக்கிறது. இதற்குமேல் விளக்கம் வேண்டாம். அவள் குனிந்து உள்ளே போகட்டும்.

எழுதுமுன் அந்த உலகத்தின் சட்டத்தை ஐந்து வரியில் எழுதிவையுங்கள். எது முடியும், எது முடியாது, முடிந்தால் யார் என்ன விலை கொடுக்க வேண்டும். விலையில்லாத அற்புதம் வந்தால் கதையின் இறுக்கம் அன்றே தளர்ந்துவிடும்.

மீட்பரின் உருவம் அடுத்த கண்ணி. காங்கேயம் காளை கம்பீரமானது, கை தானாக அதற்குத்தான் போகும். ஆனால் பக்கத்து வீட்டார் அதில் நந்தியைப் பார்ப்பார்கள். வேதம் படித்தவர்கள் யாத்திராகமம் 32-இன் பொன் கன்றுக்குட்டியைப் பார்ப்பார்கள். இரண்டுமே உங்கள் கதையை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். ஆடு மேய்ப்பவரோ, வாய்க்காலில் தண்ணீர் திருப்புகிறவரோ பொருத்தம். அவரைச் சீக்கிரம் கொண்டுவராதீர்கள். 17 அத்தியாயக் கதையில் அஸ்லானின் பெயர் ஏழாவதில்தான் அடிபடுகிறது. சிங்கமே வருவது 12-இல்.

வில்லனாக மாரியம்மனையோ கருப்பராயனையோ கன்னிமாரையோ வைக்கக் கூடாது. நம்மோடு வாழ்கிறவர்கள் கும்பிடுகிற தெய்வங்கள் அவை. தீமைக்கு உருவம் வேண்டுமென்றால் பேராசை இருக்கிறது. சாயம் கலந்து ஓடிய நொய்யலைப் பார்த்த ஊருக்கு அதற்கு மேல் சான்று தேவையில்லை.

உரையாடல் ஊர்ப்பேச்சில் இருக்கட்டும், விவரிப்பு எளிய எழுத்துத் தமிழில். மீட்பர் மட்டும் பழைய வேதாகம நடையில் பேசினால் உடனே பிரசங்கம் மாதிரி ஆகிவிடும். எழுதி முடித்ததும் கடைசிப் பத்தியை வெட்டிப் பாருங்கள். பத்தில் எட்டு முறை அது போதனையாகத்தான் இருக்கும். பிறகு வேதம் தெரியாத ஒருவருக்குப் படித்துக்காட்டுங்கள். “அப்புறம் என்னாச்சுங்க?” என்று கேட்டால் சரி. “இதுக்கு என்ன அர்த்தமுங்க?” என்று கேட்டால் மறுபடி எழுத வேண்டும்.

இங்கிலீஷ் வராதவங்களுக்காக நார்னியாவை நாங்களே தமிழ்ல பண்ணலாமுங்களா?

லூயிஸ் 1963 நவம்பர் 22-இல் இறந்தார். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. அதனால் அவர் வாழ்நாளில் வெளியான நூல்கள் 2024 தொடக்கத்திலிருந்து இந்தியாவில் பொதுவுடைமை. மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம். ஆனால் நூலில் உள்ள படங்கள் பாலின் பெய்ன்ஸ் வரைந்தவை. அவர் 2008-இல்தான் இறந்தார், ஆகவே படங்களைத் தொடக்கூடாது. பிரிட்டனில் 70 ஆண்டுக் கணக்கு என்பதால் அங்கே 2033 முடிய உரிமை இருக்கிறது. மொழிபெயர்ப்பை இணையத்தில் ஏற்றுவதைத் தவிர்த்து, உள்ளூர் அச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டோல்கியன் இறந்தது 1973. அவருடைய நூல்களுக்கு இந்தியாவிலும் 2033 முடியும்வரை அனுமதி வாங்க வேண்டும்.